அப்பாவுக்கு, ருவைஸிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வேலை கூடாது என்பது இங்கே, ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டம். அந்தக் காலம் முடிந்து இப்போது வெயில் தணிந்துவிட்டது.

"வண்டி கவிழ்ந்துடாதேடா?" என்று அம்மா போனில் கேட்டாள். நீங்கள் டிராக்டர் ஓட்டுகிறவர், உங்களுக்கு விளக்கமாக எழுதினால் அம்மாவுக்குப் புரியும்படி சொல்வீர்கள்.

நான் ஓட்டுவது பாரம் தூக்கும் வண்டி, ஆனால் குடோனில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் இல்லை. மேடுபள்ளத் தரைக்கென்றே செய்தது. நாலு சக்கரமும் இழுக்கும், நாலும் திரும்பும். வண்டியைச் செய்த கம்பெனி மானிட்டூ. அதன் பூர்வீகமே டிராக்டர்தான், அப்பா! 1958-இல் பிரான்சில் மார்செல் பிரோ என்பவர், டிராக்டரில் டிரைவர் உட்காரும் திசையைத் திருப்பி, பெரிய சக்கரம் இருக்கும் பக்கம் பாரம் தூக்கும் மாஸ்டை, அதாவது நிமிர்ந்த கம்பத்தை, பொருத்தினார். இதைக் கேட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது.

ஸ்டீயரிங்கை மூன்று விதமாக மாற்றலாம். ரோட்டில் முன்சக்கரம் மட்டும் திரும்பும். குழாய் அடுக்குகளுக்கு நடுவே, முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் வலப்பக்கம் திரும்பும். அதனால் வண்டி சின்ன வட்டத்திலேயே வளைந்துவிடும். மூன்றாவதில் நாலும் ஒரே பக்கம் திரும்பும், வண்டி நண்டு மாதிரி சாய்வாக நகரும். சுவர் ஓரம் பாரத்தை வைக்க இதைவிட வசதி கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முன் நாலு சக்கரத்தையும் நேராக்கிவிட வேண்டும்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் இதுதான். தரை சாய்வாக இருந்தால், ஒரு லிவரை இழுத்து வண்டியின் உடம்பையே மட்டப்படுத்தலாம். கேபினில் கொத்தனார் ரசமட்டம் போல ஒரு குமிழி இருக்கிறது. அது நடுவுக்கு வந்த பிறகுதான் பூமை, அதாவது பாரம் தூக்கும் நீளும் கையை, தூக்குவேன். தூக்கிய பிறகு அந்த லிவரைத் தொடவே மாட்டேன். பூம் எவ்வளவு தூரம் நீண்டால் எவ்வளவு எடை தாங்கும் என்ற அட்டவணையும் கண் முன்னாலேயே இருக்கிறது. பாரத்தோடு சரிவில் இறங்கினால் ரிவர்ஸில்தான் இறங்குவேன், பாரம் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும்.

ஆனால் வந்த முதல் மாதம் ஒரு தப்பு செய்தேன். இங்கே கடலோரத்தில் சப்கா என்ற உப்புத் தரை உண்டு. மேலே காய்ந்த உப்பு ஓடு, உள்ளே ஈரச் சேறு. வேதாரண்யத்து உப்பளத்தில் வளர்ந்த நான் அதை நம்பியிருக்கக் கூடாது. நாலு சக்கரமும் இழுக்கிறதே என்று ஓட்டினேன். நாலும் சுற்றச் சுற்ற அச்சு வரை புதைந்துவிட்டது. எக்ஸ்கவேட்டர் வைத்துத்தான் இழுத்தார்கள். இப்போது புதுத் தரை என்றால் முதலில் இறங்கி நடந்து பார்க்கிறேன்.

அங்கே ஐப்பசி மழை தொடங்கியிருக்கும். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஈர வரப்பு ஓரமாக டிராக்டரை ஓட்டாதீர்கள், அப்பா. நீங்களும் இறங்கி நடந்து பாருங்கள்.

உங்கள் அன்பு மகன்