மோட்டாரும் மானியமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், இரண்டு நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாசலில் ஒரு அம்மா கேட்டார்: "அரசாங்கம்தான் எல்லாத்துக்கும் பணம் தருதே சார், ஒரு மோட்டாரைச் சரிபண்ண முடியாதா?" நியாயமான கேள்வி. "பண்ணிடலாம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

அரசு தருவதில் பெரும்பகுதி பணமாக நம் கைக்கு வருவதில்லை. புத்தகமும் சீருடையும் பொருளாகவே வருகின்றன. சத்துணவுக்கும் காலை உணவுக்கும் கணக்கு தனி. அதிலிருந்து ஒரு துடைப்பம்கூட வாங்க முடியாது. நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் வரும் சிறு தொகையை அதற்குத்தான் செலவிட வேண்டும். சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய், மோட்டார் எல்லாவற்றுக்கும் நாம் நம்பியிருப்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியத்தைத்தான்.

அது தலைக்கணக்குப்படி வருவது. 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. நம் பள்ளியில் 31 பேர் இருந்தார்கள். இருவர் வேன் ஏறி டவுன் பள்ளிக்குப் போனதும் 29 ஆனது. இரண்டு பிள்ளைகள் குறைந்ததில் 15,000 ரூபாய் போயிற்று. வகுப்பறையும் கழிப்பறையும் அப்படியேதான் இருக்கின்றன. போனவர்களை நான் குறை சொல்லவில்லை. என் மகளே மெட்ரிக் பள்ளியில் படித்தவள்தான்.

இந்த மானியத்தில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து மாதத்துக்குப் பிரித்து மாதம் 100 ரூபாய். பினாயில், பிளீச்சிங் பவுடர், சோப்பு எல்லாம் அதற்குள்.

பணம் வரும் நேரமும் நம் கையில் இல்லை. 2024-25இல் இத்திட்டத்துக்கு ஒன்றிய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்த விவகாரத்தில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். அரசு ஊழியன் நான் எழுத முடியாது.

சரி, மோட்டாருக்கு வருவோம். கண்டென்சர் போயிருந்தது. நம்மூர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்தார். அவரிடம் பில் புத்தகம் கிடையாது. சாக்பீஸ் பெட்டி அட்டையைக் கிழித்து 850 என்று எழுதிக் கொடுத்தார். மானியத்தில் செலவு காட்ட முறையான பில் வேண்டும், அந்த அட்டை செல்லாது. பணத்தை நானே கொடுத்துவிட்டேன். அட்டை கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கிறது.

அந்த நோட்டைப் பார்க்க வாருங்கள். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். போன கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி. யாரும் பணம் கொண்டுவர வேண்டாம். கேட் கீல் உடைந்திருக்கிறது, வெல்டிங் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், கீழத்தெருவில் ஐந்து வயது முடிந்தும் எங்கும் சேராத பிள்ளைகள் இருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை அந்த வீடுகளுக்குப் போகிறேன். அக்கம்பக்கத்துத் தாய்மார் யாராவது கூட வந்தால் பேச்சு எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்