கரி அடுப்பு டென்ட்டுக்கு வெளியிலயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மலைக்காட்டுக்குள்ள கேம்பிங் போறத பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு, எழுதினவங்க காட்ட நெஜமாவே அனுபவிச்சவங்கன்னு படிக்கும்போதே தெரிஞ்சது. ஆனா மேல பெருசா போட்டிருந்த படம் என்னைய ரெண்டு நாளா தூங்க விடல. டென்ட் வாசல் ஜிப்பு பாதி தொறந்திருக்கு, உள்ள ஒரு சின்ன கரி அடுப்புல கங்கு செக்கச்செவேல்னு இருக்கு, ரெண்டு பேரு கம்பளிய போத்திக்கிட்டு கைய நீட்டி குளிர் காயறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு சார். ஆனா அதப் பாத்துட்டு யாராச்சும் அதே மாதிரி செஞ்சு அப்படியே தூங்கிட்டா காலைல எந்திரிக்கவே மாட்டாங்க, அதச் சொல்லத்தான் இந்த லெட்டர எழுதுறேன்.

சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல, ஏன்னா இதே தப்ப செய்யச் சொல்லி ஒருத்தருக்கு யோசனை சொன்னவன் நான்.

மூணு வருஷம் முன்னாடி, ஒரு மலைக்காட்டு கேம்ப்கிரவுண்ட். வண்டிய நிறுத்திட்டு முக்கா மணி நேரம் உள்ள நடக்கணும், போன் சிக்னல் சுத்தமா கிடையாது, எங்களையும் சேத்து மொத்தமே மூணு டென்ட்டு தான். பக்கத்து டென்ட்ல ஒரு தம்பி, அவரு வீட்டம்மா, ஏழு வயசுல ஒரு பொண்ணு. முதல் தடவையா கேம்பிங் வந்திருக்காங்க, பொண்ணுக்கு நட்சத்திரம் காட்டணும்னு ஆசைப்பட்டு கூட்டிட்டு வந்திருக்காரு. பொழுது சாஞ்சதும் குளிரு இறங்குச்சு பாருங்க, பகல்ல வேர்த்து விறுவிறுத்து ஏறின எடமா இதுன்னு தோணுச்சு. ராத்திரி ஒம்பதரை இருக்கும், அவரு சமைச்சு முடிச்ச அடுப்ப காமிச்சு கேட்டாரு, "அண்ணே, இத உள்ள தூக்கி வெச்சுக்கலாமா, தீயெல்லாம் அடங்கிருச்சு, புகை கூட இல்ல, பாப்பா நடுங்குது". நானும் நாலஞ்சு காடு பாத்தவன்ங்கிற தைரியத்துல, "தாராளமா வெச்சுக்கோங்க தம்பி, ஜிப்ப மட்டும் கொஞ்சம் தொறந்து விட்டுக்கோங்க"ன்னுட்டு போய் படுத்துட்டேன்.

பத்தரைக்கு மேல தூறல். சாரல் உள்ள அடிக்குதுன்னு அவங்க ஜிப்ப முழுசா இழுத்து மூடிட்டாங்க. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க.

ஒரு மணி வாக்குல கொழந்த வாந்தி எடுக்கற சத்தம் கேட்டு முழிச்சேன். முதல்ல சாப்பாடு ஒத்துக்கலையோன்னு நெனச்சு படுத்தே இருந்தேன், அப்புறம் அவங்க டென்ட் துணிய உள்ள இருந்து யாரோ தடவுற மாதிரி ஒரு சத்தம், தடவுது, நிக்குது, மறுபடி தடவுது. டார்ச்ச எடுத்துட்டு போய் பாத்தா அந்தத் தம்பி ஜிப்ப தேடுறாரு. ஜிப்போட நாக்கு அவரு கைக்கு நாலு விரக்கடை தள்ளி கண்ணெதிர தொங்குது, அது அவருக்கு அகப்படல. நான் வெளிய இருந்து தொறந்து விட்டதும் முழங்கால் மடங்கி வாசல்லயே உக்காந்துட்டாரு. உள்ள அடுப்புல நாலஞ்சு கங்கு தான் மிச்சம், மேல வெள்ளையா சாம்பல் பூத்து பாவம் போல கிடந்துச்சு. கரி வாசனை கூட பெருசா இல்ல.

மூணு பேரையும் வெளிய இழுத்துப் போட்டோம். அந்தம்மா "தலைய பொளக்குது"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொன்னாங்க. தம்பி, "உயரத்துக்கு வந்தா தலைவலி வாந்தி வரும்னு சொல்வாங்கல்ல, அதான் போல"ன்னாரு. அவங்க பையில விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் இருந்துச்சு, கொரோனா சமயத்துல வாங்கி வெச்சதாம், பாப்பா விரல்ல மாட்டினா 98 காட்டுது. எல்லாருக்கும் உசுரு வந்துச்சு, ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் காத்தாட உக்காந்துட்டு உள்ள போய் படுத்துக்கலாம்னு பேச ஆரம்பிச்சோம்.

அப்பதான் மூணாவது டென்ட்ல இருந்து எந்திரிச்சு வந்த அக்கா, அவங்க நர்ஸா வேலை பாக்குறவங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மூணு பேருக்குமா தலைவலி? ஒரே நேரத்துலயா?" அடுப்ப பாத்தாங்க. "அந்த மெஷின நம்பாதீங்க, கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு"ன்னாங்க.

அந்த 98 ஏன் பொய்ன்னு அவங்க அப்புறமா வெளக்கினது தான் இந்த லெட்டர்லயே முக்கியமான விஷயம், தயவு செஞ்சு இதயாவது வெட்டாம போடுங்க. கரி சரியா எரியறதுக்கு காத்து பத்தாதப்போ கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வருது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. நம்ம ரத்தத்துல ஆக்ஸிஜன தூக்கிட்டு போற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனோட சேர்றத விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இந்த வாயுவ பிடிச்சுக்கும். சாதாரண ஆக்ஸிமீட்டர் ரத்தத்தோட நிறத்த வெச்சு கணக்கு போடற கருவி, ஆக்ஸிஜன் ஏறின ஹீமோகுளோபினும் இந்த வாயு ஏறின ஹீமோகுளோபினும் அதுக்கு ஏறக்குறைய ஒண்ணு போல தெரியும், அதனால ஆளு மயங்கிக் கிடந்தாலும் அது 98, 99ன்னு காட்டிக்கிட்டே இருக்கும். ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து தனியா டெஸ்ட் பண்ணா தான் உண்மை தெரியும். இன்னைக்கு நெறைய வீட்ல இந்தக் கருவி இருக்கு சார், நல்ல நம்பர பாத்துட்டு மறுபடி உள்ள போய் படுக்கறவங்க எத்தன பேரோன்னு நெனச்சாலே வயித்த கலக்குது.

தீ அடங்கிருச்சு, புகை இல்லன்னு நாம நெனைக்கிறோம் பாருங்க, அந்த நேரந்தான் மோசமான நேரம். கொழுந்து விட்டு எரியும்போது கண்ணுக்கு தெரியுது, பயப்படறோம், தள்ளி வெக்கிறோம். சாம்பல் பூத்த கங்கு அமைதியா இருக்கு, ஆனா கொழுந்து இல்லாம கங்கா கனியும்போதும் இந்த வாயு வந்துக்கிட்டே தான் இருக்கும். மழையில நனைஞ்ச டென்ட் துணில காத்து போக்குவரத்து இன்னும் கொறஞ்சிரும், மேல பனி மூடினா கேக்கவே வேணாம். ஜிப்ப ஒரு சாண் தொறந்து வெச்சா போதும்னு நான் சொன்னேனே, அது எந்தக் கணக்குலயும் சேராது. கேஸ் அடுப்பு, கேஸ் லாந்தர், ஹீட்டர் எல்லாத்துக்கும் இதே பேச்சு தான். வாசல் பக்கமா கூரை நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த எடத்துல வெச்சாலும் உள்ள வந்து சேந்துரும்.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கை கால் சொன்ன பேச்சு கேக்காதது, இதெல்லாம் மலை உயரத்தாலயும் வரும்ங்கிறது தான் இதுல கொடுமை. ஆனா உயரத்தால வர்றது பொதுவா 2500 மீட்டருக்கு மேல தான், நாங்க இருந்தது அதுக்கு நல்லா கீழ. அதோட ஒரே டென்ட்ல படுத்த எல்லாருக்கும் ஒரே சமயத்துல வருது, வெளிய வந்தா கொஞ்சம் தெளியுதுன்னா மலை மேல பழிய போடாம அடுப்ப பாருங்க. தூங்கறவங்களுக்கு பல நேரம் இந்த அறிகுறி எதுவும் தெரியாது, தூக்கத்துல இருந்து நேரா மயக்கத்துக்கு போயிருவாங்க. முன்னாடி நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இந்த வாயு இருக்கான்னு தெரிஞ்சுக்க கேனரிக் குருவிய கூண்டுல எடுத்துட்டு போவாங்க, சின்ன உடம்பு, வேகமா மூச்சு வாங்கும், மனுசனுக்கு முன்னாடி அது சாஞ்சிரும். இங்கிலாந்துல 1986ல தான் அதுக்கு பதிலா எலக்ட்ரானிக் கருவி கொண்டு வந்தாங்க. அன்னைக்கு எங்க பக்கத்து டென்ட்ல அந்த வேலைய செஞ்சது ஏழு வயசுக் கொழந்த. அது முதல்ல வாந்தி எடுத்ததால தான் பெத்தவங்க ரெண்டு பேரும் முழிச்சாங்க.

இருட்டுல பாப்பாவ நானும் அந்த அக்காவும் மாத்தி மாத்தி தோள்ல போட்டு இறக்கினோம், மத்த ரெண்டு பேரும் நாலு எட்டுக்கு ஒரு தடவ உக்காந்து உக்காந்து வந்தாங்க, அப்புறம் வண்டில ஒன்றரை மணி நேரம். சாதா காத்துல இருந்தா ரத்தத்துல ஏறின அந்த வாயு பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், மாஸ்க் வெச்சு முழு ஆக்ஸிஜன் குடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியா குறையும்னு டாக்டர் சொன்னாரு. விடிஞ்சு வெயில் ஏறினப்போ பாப்பா தண்ணி கேட்டுச்சு. மூணு பேரும் பொழச்சாங்க.

இப்ப, ஏன் அடுப்ப உள்ள தூக்குறாங்க? குளிருக்கு தயாராகாம வர்றதால. அத யாரும் சரியா சொல்லிக் குடுக்காததால. உங்க கட்டுரைலயும் "கம்பளி, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவும்"னு ஒரு வரியோட முடிஞ்சிருச்சு. 1000 மீட்டர் மேல ஏறினா ஆறு ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும்ங்கிறது பொதுவான கணக்கு, அது போக மேகம் இல்லாத ராத்திரில தரை சூட்ட எல்லாம் வானத்துக்கு விட்டுரும். குளிர்ந்த காத்து கனம், தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கும். ஓடைக்கரை பாக்க எவ்வளவு அழகா இருந்தாலும் ராத்திரிக்கு அது தான் ஜில்லுன்னு இருக்கற எடம், கொஞ்சம் மேட்டுல, மரங்களுக்கு நடுவுல டென்ட் போட்டாலே வித்தியாசம் தெரியும், காஞ்ச கிளை எதுவும் தலைக்கு மேல இல்லாம மட்டும் பாத்துக்கணும்.

மேல மேல போத்திக்கிட்டே இருக்கோம், ஆனா உடம்புச் சூட்ட உறிஞ்சறது கீழ இருக்கற தரை. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் நாம படுத்ததும் முதுகுக்கு அடில அது நசுங்கி அப்பளமா ஆயிரும், அதுக்குள்ள காத்து நின்னா தான சூடு நிக்கும். அதனால அடில பாய் மாதிரி விரிக்கிற மேட்டு தான் பாதி தூக்கம். அதுல ஆர் வேல்யூன்னு, சூடு தரைக்கு போகாம எவ்வளவு தடுக்கும்ங்கிறதுக்கு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, கூட கூட நல்லது, ரெண்டு மேட்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அந்த நம்பர் அப்படியே கூடிரும். ஒரு மேட்டும் இல்லயா, காஞ்ச பை, கயிறு, மிச்சத் துணி எல்லாத்தையும் முதுகுக்கு கீழ பரப்புங்க. ஸ்லீப்பிங் பேக்ல எவ்வளவு குளிர் தாங்கும்னு ரெண்டு மூணு விதமான டிகிரி கணக்கு அச்சடிச்சிருக்கும், கம்ஃபர்ட்டுன்னு போட்டிருக்கறத மட்டும் நம்பணும், லிமிட்டுங்கிறது சுருண்டு படுத்து ராத்திரிய ஓட்டறதுக்கான கணக்கு, எக்ஸ்ட்ரீம்ங்கிறது உசுரு தப்பறதுக்கானது. கடைல அந்த கடைசி நம்பர பெருசா காமிச்சு வித்துருவாங்க.

நடந்து வந்த சட்டை வேர்வையில நனைஞ்சிருக்கும், படுக்க முன்னாடி உள்பனியன் சாக்ஸ் வரைக்கும் காஞ்சத மாத்திரணும், பருத்தி நனைஞ்சா காயவே காயாது, உடம்புல இருந்து சூட்ட இழுத்துக்கிட்டே இருக்கும். தலைக்கு குல்லா. வயித்துக்கு சூடா ஏதாச்சும். நெருப்பு தான் வேணும்னா அந்த நெருப்புல தண்ணிய காய வெச்சு, கெட்டி பாட்டில்ல ஊத்தி, மூடி கசியுதான்னு தலைகீழா கவுத்துப் பாத்துட்டு, சாக்ஸுக்குள்ள போட்டு கால் கிட்ட வெச்சுக்கோங்க, நெருப்போட சூடு மட்டும் டென்ட்டுக்குள்ள வரும், நெருப்பு வெளியிலயே இருக்கும். பாப்பாவுக்கு அன்னைக்கு அத செஞ்சிருந்தா போதும். என் பையில அப்படி ஒரு பாட்டில் இருந்துச்சு சார், நான் அத காலடில வெச்சுக்கிட்டு தான் தூங்கினேன், அவங்களுக்கு சொல்லணும்னு தோணல.

டென்ட்டோட மேல் ஜன்னல எவ்வளவு குளிர்லயும் மூடாதீங்க, மூச்சுல வர்ற ஈரம் உள்பக்கம் முத்து முத்தா கோத்து படுக்கைய நனைச்சிரும், அது இன்னும் குளிர். வெளிய மூட்டின தீய தூங்க முன்னாடி தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடி ஊத்தி, பொறங்கைய கிட்ட வெச்சு சூடு இல்லன்னு தெரிஞ்ச அப்புறம் தான் விட்டுட்டு வரணும். இத நெறைய பேரு எழுதிட்டாங்க, நான் நீட்டல.

உங்க கிட்ட நான் கேக்கறது ரெண்டு. அடுத்த இணைப்புல, அந்தப் படம் வந்த அதே அளவுல, கரி அடுப்போ கேஸ் அடுப்போ டென்ட்டுக்குள்ள கூடாதுன்னு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, ஆக்ஸிமீட்டர் விஷயத்த அதுல கண்டிப்பா சேருங்க. அடுத்தது, அந்தப் படத்த உங்க வெப்சைட்ல இருந்து எடுத்துருங்க, கட்டுரை இருக்கட்டும், அது நல்ல கட்டுரை.

அந்தத் தம்பி இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவ எனக்கு போன் பண்ணுவாரு. பாப்பா எத்தனாவது படிக்குது, என்ன சேட்டை பண்ணுதுன்னு எல்லாம் சொல்லுவாரு. நீங்க சொல்லித்தாண்ணே அடுப்ப உள்ள வெச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்