கராஜில் மேசை போடும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

இரும்பு ஒட்டுகிற (வெல்டிங்) வேலைக்குக் கராஜில் போடப்போகிற மேசையை நீ கீறி அனுப்பிய படத்தை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வடிவாகத்தான் கீறியிருக்கிறாய். லாச்சி (இழுப்பறை) நாலு, பின்சுவரில் சாமான் கொழுவ ஓட்டைப் பலகை, காலுக்குச் சில்லு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் முகமூடியைப் போட்டுக்கொண்டு நிற்கப்போகிற ஆளை நீ இன்னும் யோசிக்கவில்லை. அதனால்தான் போனில் அரைகுறையாகக் கதைக்காமல் இருந்து எழுதுகிறேன்.

முதலில் மேல் தகடு. காசு போடுவதென்றால் அதில் போடு, லாச்சியைப் பிறகு பார்க்கலாம். வீட்டு வேலைக்கு 6 மில்லிமீற்றர் தகடு போதும் என்று சொல்வார்கள், போதும்தான், ஆனால் சூடு பட்டுப் பட்டு மெல்லிய தகடு நாளடைவில் வளையும். முடிந்தால் 10 எடு. 4 அடிக்கு 3 அடி என்றால் 6 மில்லிமீற்றர் 52 கிலோ வரும், 10 மில்லிமீற்றர் ஏறக்குறைய 87 கிலோ, ஆகவே தனியாகத் தூக்க நினைக்காதே, மருமகனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடு. ஏன் தகட்டில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், நம் கடையில் கேற் அடிக்கிறதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். இரண்டு பக்கத்தையும் மேசையில் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைக்கு மூலை நாடா பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒத்துவந்த பிறகுதான் அசையாமல் பிடிக்க அங்கங்கே பொட்டு ஒட்டு வைப்போம். மேசை ஒரு நூல் முறுகியிருந்தால் கேற்றும் முறுகும். கொண்டுபோய்த் தூணில் கொழுவினால் நடுவில் இரண்டு பக்கமும் சந்திக்காது, ஒன்று முன்னுக்கு நிற்கும், மற்றது பின்னுக்கு நிற்கும். வீட்டுக்காரர் விடிய எழும்பி அதைத்தான் பார்ப்பார். நீ செய்யப்போகிற கதிரைக்கும் பூந்தொட்டித் தாங்கிக்கும் அதே கதைதான்.

கனடாவில் கராஜ் நிலம் பனித் தண்ணீர் வழிய வாசல் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். நிலத்தை நம்பிச் சட்டத்தை அடிக்காதே. 2 அங்குலப் பொக்ஸ்பாரில் (சதுர இரும்புக் குழாய்) சட்டம் செய், ஒவ்வொரு காலின் அடியிலும் நட்டு ஒட்டிப் பெரிய போல்ட் ஒன்றை முறுக்கி விடு, பிறகு ரசமட்டம் வைத்து ஏற்றி இறக்கலாம். சில்லு வேண்டுமென்றால் தள்ளும்போது மட்டும் நிலத்தில் படுகிற மாதிரிப் போடு. வேலை செய்யும்போது மேசை அசையக் கூடாது.

தகட்டைச் சட்டத்தோடு சுற்றிவர ஒட்டிவிடலாம் என்று படத்தில் எழுதியிருக்கிறாய். வேண்டாம் பிள்ளை. ஒன்று, அவ்வளவு ஒட்டு இழுத்தால் தகடு தானே கோணும். மற்றது, உன்னுடையது 120 வோல்ட்டில் ஓடுகிற சின்ன மெசின். 3 மில்லிமீற்றர் பொக்ஸ்பாரை அது நன்றாக ஒட்டும், 10 மில்லிமீற்றர் தகட்டுக்குள் அதன் சூடு இறங்காது, ஒட்டு மேலே படிந்து நிற்குமே தவிர உள்ளே பிடிக்காது. போல்ட் போட்டுப் பூட்டு, தலை மேலே துருத்தாதபடி ஓட்டையின் வாயைக் குடைந்துவிடு. அப்படிப் பூட்டினால் சட்டத்துக்கு அடித்த பெயின்ற் கரண்டை மறிக்கும், ஆகவே கரண்ட் மெசினுக்குத் திரும்புகிற ஏர்த் கிளாம்பைக் காலில் கடிக்கவிடாமல் தகட்டிலேயே கடிக்கவிடு. தகட்டின் மேல்முகத்துக்குப் பெயின்ற் கிட்டவும் வரக் கூடாது. வேலை முடிய எண்ணெய்த் துணியால் துடைத்து வை, துருப் பிடிக்காது. அடுத்த முறை ஒட்ட முதல் அந்த எண்ணெயைத் துடைத்தெடு. நாலு பக்கமும் தகடு சட்டத்துக்கு வெளியே 3 அங்குலம் நீண்டு நிற்கட்டும், இல்லாவிட்டால் சாமானை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட இடமில்லாமல் திண்டாடுவாய்.

உயரத்தை இணையத்தில் பார்த்து 36 அங்குலம் என்று போட்டிருக்கிறாய். அது யாருடைய உயரம்? வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேராக நில், முழங்கையை மடக்கி நிலத்திலிருந்து அளந்து, அதற்குக் கொஞ்சம் கீழே மேசையின் முகம் வரட்டும். நான் இன்றைக்கும் நாரி நோகாமல் நிற்கிறேன் என்றால் என் மேசை எனக்கு அளந்து போட்டது.

இனி சாமான்களை எங்கே வைப்பது என்ற கதை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முகமூடி இறங்கின பிறகு உனக்கு அந்த ஒட்டும் இடத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஒரு கையில் மெசினின் ஒட்டுகிற டோர்ச், மற்றக் கை தானாகப் போய்ச் சாமானை எடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா சமைத்தாவே, சீரகம் எங்கே, உப்பு எங்கே என்று அவவின் கை ஒரு நாளும் தேடினதில்லை. உன் மேசையும் அப்படி இருக்க வேண்டும். வடிவுக்காக ஒன்றையும் கொழுவாதே, கை போகிற ஒழுங்குக்குக் கொழுவு. அதுவும் நீ இடக்கைக்காரி. நீ பார்க்கிற படமெல்லாம் வலக்கைக்காரருக்குப் போட்ட மேசை, அப்படியே பார்த்துச் செய்தால் மெசின் வலப்பக்கம் நின்று வயர் உன் வயிற்றுக்குக் குறுக்கால் ஓடும். மெசினை இடப்பக்கம் வை. குறடு, கம்பிப் பிரஷ், சுத்தியல் வலப்பக்க விளிம்புக்குக் கீழே, கை தொங்குகிற இடத்தில். கிளாம்புகளை அதே பக்கத்துக் குறுக்குச் சட்டத்தில் அளவு வாரியாகக் கடிக்கவிடு. இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் ஒரு மூலையில் காலுக்குக் கிட்ட, விளிம்போடு வரட்டும், நீளக் குழாயைக் கடிக்கவிட்டால் மேசையில் முட்டாமல் கீழே தொங்கும். வைஸைத் தவிர மேசையின் முகத்தில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது, தேநீர்க் கோப்பைகூட.

இரும்பு தேய்க்கிற கிரைண்டருக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கு. பொறி எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்துவிட்டு அதற்கு எதிர்ப் பக்கம் காஸ் சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டு. பொறி 11 மீற்றர் வரை போகும் என்று கணக்கு வைக்கிறார்கள், உன் கராஜ் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஆகவே அந்தப் புல்லு வெட்டுகிற மெசினும் பெற்றோல் கானும் அங்கே இருக்கக் கூடாது, காட்போட் பெட்டிகளும் வேண்டாம். நீ கீறிய ஓட்டைப் பலகையும் எரிகிற சாமான்தான், அந்த இடத்தில் இரும்புத் தகடு அடி. வேலை முடிந்தவுடன் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகாதே, ஒரு மணித்தியாலம் அங்கேயே கூட்டித் துடைத்துக்கொண்டு இரு. புகைந்துகொண்டு கிடக்கிறது பிறகுதான் பற்றும்.

குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு ஒட்டுவாய் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம். புகையை வெளியே இழுக்கிற காற்றாடி ஒன்று கட்டாயம் வேண்டும், அதன் காற்று ஒட்டுகிற இடத்தில் அடித்து, ஒட்டை மூடிக் காக்கிற காஸைக் கலைக்காதபடி வை. நாகம் (துத்தநாகம்) பூசிய கல்வனைஸ் குழாயை அப்படியே ஒட்டாதே, அந்தப் புகையைக் குடித்தால் சாமத்தில் குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப் போடும். பால் குடித்தால் சரியாகும் என்று இங்கே பெடியள் சொல்வார்கள், அதை நம்பாதே, நாகப் பூச்சை முதலில் எடு. கார் பிரேக் கழுவுகிற ஸ்பிரே அடித்த இரும்பில் ஒருநாளும் ஒட்டாதே. சில ஸ்பிரேயில் குளோரின் சேர்ந்த திரவம் இருக்கிறது, அது சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும், கொஞ்சம் மூச்சில் போனாலே ஆளைக் கொல்லவும் கூடும்.

பிறகு பெரிய மெசின் வாங்கினால் 240 வோல்ட் இணைப்பை நீயே இழுக்காதே, ஒன்ராறியோவில் அனுமதிப் பத்திரம் உள்ள மின் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடு.

தகட்டுக்கு இன்னும் காசு கட்டவில்லைத்தானே? சப்பாத்தோடு நின்று அளந்த முழங்கை உயரத்தையும் கராஜின் நீள அகலத்தையும், கதவும் பிளக்கும் எந்தச் சுவரில் என்பதையும் எழுதி அனுப்பு. நான் வெட்டு அளவு போட்டு அனுப்புகிறேன். அதைக் கடைக்காரரிடம் கொடுத்தால் பொக்ஸ்பாரை அங்கேயே வெட்டித் தருவார்கள், காரிலும் ஏற்றலாம்.

அன்புடன்,
அப்பா
கொக்குவில், யாழ்ப்பாணம்