வளாகத்து ஜென் தோட்டம் அமையத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். நூலகத்துக்கும் அறிவியல் புலக் கட்டடத்துக்கும் இடையே புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் ஜப்பானிய ஜென் பௌத்த மரபை ஒட்டி அமைந்துள்ள ஜென் தோட்டம், இந்தப் பருவத் தொடக்கம் முதல் பல்கலைக்கழகத்தார் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. இடம் ஒதுக்கிய நிர்வாகத்துக்கும் பொருளுதவி செய்த முன்னாள் மாணவர்களுக்கும் திறப்பு விழாவிலேயே நன்றி தெரிவித்துவிட்டோம். அன்று மேடையில் பெயர் சொல்லப்படாத உங்களுக்காக இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, கற்களை நிறுத்தித் தந்த கல்தச்சர்களுக்கும் கிரேன் ஓட்டுநருக்கும் உரியது. இவ்வகைத் தோட்டத்தில் தண்ணீர் கிடையாது. சரளைப் பரப்பே கடலாகவும் ஆறாகவும், அதனிடையே நிற்கும் கற்களே மலைகளாகவும் தீவுகளாகவும் காட்சி தர வேண்டும். கொண்டுவந்து வைத்ததுபோல் ஒரு கல் தெரிந்துவிட்டாலும் அந்தத் தோற்றம் கலைந்துவிடும் என்பதால், கல்லின் அகன்ற பகுதி மண்ணுக்குள் போயாக வேண்டும். பெரிய கல்லைக் கிரேன் அந்தரத்தில் பிடித்திருக்க, தலைமைக் கல்தச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, கடப்பாரையால் குழியின் ஓர் ஓரத்தை மட்டும் இடித்துவிட்டு, “இன்னும் ஒரு சாண் இறங்கட்டும் ஐயா, அப்போதுதான் கல் உட்காரும்” என்றார். கல்லின் முகம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தவரும் அவரே. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘சகுதெய்கி’ என்னும் ஜப்பானியத் தோட்டக்கலை நூல், கல்லின் விருப்பமறிந்து அதன்படி நடக்கச் சொல்கிறது. அந்த நூலைப் படித்திராத அவர், தம் கைப்பழக்கத்தால் அதையே செய்தார்.

கண்ணுக்குத் தெரியாத வேலை சரளைக்கு அடியில் இருக்கிறது. மண்ணை இறுக்கி, மழைநீர் தேங்காதபடி வாட்டம் பார்த்து, துளையிட்ட குழாய் பதித்து, களை முளைக்காமலிருக்க விரிப்புப் போட்டுத் தந்த கட்டடப் பொறியியல் துறை மாணவர்களுக்கு நன்றி. சரளையைத் தேர்ந்து கொடுத்த நிலவியல் துறையினருக்கும் அவ்வாறே. உருண்டைக் கூழாங்கற்கள் உருண்டுவிடும், அலைபோல் தெரிய வாரியால் இழுக்கும் கோடு அவற்றில் நிற்காது. முனை மழுங்காத சில்லுகள்தாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரிகளைத் தாங்கும் என்று அவர்கள் செய்தே காட்டினார்கள். ஜப்பானின் கியோத்தோ நகரத் தோட்டங்களில் புகழ்பெற்ற ஷிரகவா வெண்சரளையும் கருங்கல் சிதைந்து உண்டானதுதான்.

இனி, நாள்தோறும் இந்தத் தோட்டத்தை மறுபடி உருவாக்கும் தூய்மைப் பணியாளர்களான அம்மாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வருகிறோம். துடைப்பம் பட்டால் சரளை கலைந்துவிடும் என்பதற்காக, வகுப்புகள் தொடங்குமுன் வந்து, விழுந்த இலைகளைக் குனிந்து கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறீர்கள். பிறகு, தச்சுப் பட்டறையில் செய்து தந்த மரப்பல் வாரியை ஒரே அழுத்தத்தில் இழுத்தபடி, உங்கள் காலடித் தடத்தை வாரியே அழித்துக்கொண்டு வரும்படி பின்னோக்கி நடக்கிறீர்கள். கல்லைச் சுற்றி வட்ட அலைகள் எழும் இடத்தில் வாரியின் ஒரு முனை அசையாமல் நிற்க, மறுமுனை மட்டும் சுழல்கிறது. ஒரு பல் விலகினாலும் அந்த வட்டம் முழுவதையும் மறுபடி வாருகிறீர்கள். மழை பெய்தாலும் பூனை நடந்தாலும் கலைந்துபோகும் இந்த வரிகளுக்காக ஒருவரும் உங்களிடம் அத்தனை பொறுமையைக் கேட்கவில்லை. தேர்வுக் காலத்தில் இங்கு வந்து பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுப் போகும் மாணவர் பார்ப்பது உங்கள் காலை நேர உழைப்பைத்தான்.

கல் தோட்டத்தால் புகழ்பெற்ற கியோத்தோவின் ரியோஆன்-ஜி ஆலயத்தை, பண்டைய கியோத்தோவின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தோட்டத்தில் 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கு அமர்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும். அதை வடிவமைத்தவர் யார் என்பது இன்றும் முடிவாகாத கேள்வி. ஆனால் ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை அங்கு வேலை செய்த தொழிலாளர்களின் பெயர்கள் என்று கருதப்படுகிறது. அந்தச் செய்தி எங்களை நெடுநாள் விடவில்லை. நம் தோட்டத்தில் உழைத்தவர்களின் பெயர் கல்லின் முதுகில் மறைந்திருக்க வேண்டாம், வாயிலிலேயே இருக்கட்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது.

மிதிவண்டி நிறுத்தத்தை மனமுவந்து இடம் மாற்றிக்கொண்ட அறிவியல் புல ஊழியர்களுக்கும், இரவில் விளக்குகளைக் கவனித்துக்கொள்ளும் காவலர்களுக்கும், வேலை நடந்த காலமெல்லாம் இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட நூலக வாசகர்களுக்கும் எங்கள் நன்றி.

வாயிலில் பதிக்கவிருக்கும் கல்வெட்டின் வரைவு நூலக முகப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெயர்கள் பதவி வரிசையில் இல்லாமல் அகர வரிசையில் உள்ளன. அன்புகூர்ந்து வந்து உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். உங்களோடு உழைத்த எவர் பெயரேனும் விடுபட்டிருந்தால், செதுக்கும் பணி தொடங்குமுன் எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
ஜென் தோட்டப் பராமரிப்புக் குழுவினர்