வலிப்பு ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுவில் நோயாளியும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகையில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, மலைவாழ் மக்களின் நோய்கள் குறித்த ஆய்வுகள் இனி இங்கேயே நடக்கும் என்ற எதிர்பார்ப்பு பலருக்கு உண்டு. வலிப்பு நோய் குறித்து ஆய்வு நடக்குமானால், அதன் திட்டத்துக்கு அனுமதி வழங்கும் முன் வலிப்பு உள்ள ஒருவரிடமோ, அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடமோ அதைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதே, நெடுங்காலமாக இந்நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் என் வேண்டுகோள்.

ரத்தத்தில் மருந்தின் அளவை அறிய, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுப்பது வழக்கம். பரிசோதனைக் கூடம் கோவையில் இருந்தால், 'காலை 8 மணி, கோவை' என்று திட்டத்தில் ஒரு வரி எழுதுவது எளிது. கோத்தகிரிக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவரோ, அதற்காக நடுச்சாமத்தில் விழித்து, காட்டெருமைக்குப் பயந்தபடி இருட்டில் சாலைக்கு நடந்து, கிடைத்த வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து மறுபடி பேருந்து ஏற வேண்டும். தூக்கம் கெடுவதும் மாத்திரை தள்ளிப்போவதும் வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவர்களே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். ஆய்வுக்கு வரச்சொன்ன நாளில் ஆய்வே வலிப்பை வரவழைத்துவிட்டு, அதை மருந்தின் கணக்கில் எழுதும்படி ஆகிவிடும். துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் போகும். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் வரவே முடியாது. இவற்றை ஒரு நோயாளி படித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

எதை அளப்பது என்பதிலும் எங்கள் சொல் தேவை. புதிய மருந்துச் சோதனைகளில், வலிப்பின் எண்ணிக்கை பாதியாவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது வழக்கமான அளவுகோல். மாதம் எட்டு முறை வந்தது நான்கானால் ஏட்டில் அது வெற்றிதான். அந்த நான்கில் ஒன்று கவாத்துக் கத்தி கையில் இருக்கும்போது வருமா, மாத்திரையின் மந்தமும் மறதியும் எரிச்சலும் பிழைப்பை எவ்வளவு கெடுக்கின்றன என்பவை எங்கள் கவலைகள். வலிப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், மணமாகவிருக்கும் பெண்ணின் கேள்விகள் வேறாக இருக்கும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென 1998-இல் தொடங்கிய பதிவேடு, இத்தகைய கேள்விகளை நம் பக்கத்திலேயே ஆராய முடியும் என்பதைக் காட்டுகிறது.

நான் கேட்பது புதுமையும் அல்ல. பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழ் 2014 முதலே ஆய்வுக் கட்டுரைகளை நோயாளிகளிடமும் கொடுத்து மதிப்பீடு பெறுகிறது. நம் நாட்டில், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் துறை சாராத பொதுமக்களில் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன. அந்த இடத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியரையோ ஊர்ப் பெரியவரையோ நினைப்பது இயல்பு, குறை சொல்வதற்கில்லை. வலிப்பு ஆய்வு வரும்போது மட்டுமாவது, அவருடன் நோயை அறிந்த ஒருவரையும் அழைக்கலாமே.

படிக்காதவர்களுக்கு விஞ்ஞானம் என்ன புரியும் என்று சிலர் கேட்கக்கூடும். புள்ளியியலைச் சரிபார்க்க அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள். இந்த ஆய்வு எங்களுக்கு வேண்டியதா, எங்களால் செய்யக்கூடியதா என்பதைச் சொல்லத்தான் நாங்கள்.

அழைப்பதானால், கூட்டத்தை முற்பகல் 11 மணிக்கு மேல் வைத்து, துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் பயணப்படி தர வேண்டும். வர இயலாதவர் தொலைபேசியில் பேசவும் இடமளிக்க வேண்டும். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் காட்டும் வாசகம் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், பெண் பார்க்கும் வீடுகளில் இந்நோயை இன்றும் மறைக்கவே செய்கிறார்கள். ஆகவே, கருத்துச் சொல்பவர் விரும்பாவிட்டால் அவர் பெயரை எந்த அறிக்கையிலும் வெளியிடக் கூடாது. இக்கடிதத்திலும் என் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.