பெயர் தேடும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் ஆச்சியும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் துணையிருக்க வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேறு யாருக்கும் இல்லாத பெயராக ஒன்று வேண்டும், தெரிந்தவற்றை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். அதற்கு முன், வேலை பார்த்த காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தவன் என்ற முறையில், பெயர்கள் எப்படி வருகின்றன, எதனால் போகின்றன என்பதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உன் ஆசைக்குக் காரணம் எனக்குத் தெரியும். வகுப்பில் பிரியாக்கள் பலர் இருந்ததால் இனிஷியலைச் சேர்த்துத்தான் ஆசிரியைகள் உங்களைக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பெற்றோர் யாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வைத்தவர்கள் அல்லர். முருகன்குறிச்சியில் இருந்தவரும் சமாதானபுரத்தில் இருந்தவரும் மகாராஜநகரில் இருந்தவரும் தனித்தனியே யோசித்து, சுருக்கமாகவும் புதிதாகவும் இருக்கட்டும் என்று தேடி, ஒரே பெயரில் வந்து நின்றார்கள். ஒரு காலத்தில் பிள்ளை பெறுகிறவர்கள் ஒரே பத்திரிகையைப் படித்து, ஒரே வானொலியைக் கேட்டு, பழைய பெயர்களிலிருந்து ஒரே அளவு விலகிப்போக விரும்புகிறவர்களாக இருக்கும்போது, அவர்கள் காதுக்கு இனிமையாகப் படுவதும் ஒன்றாகவே இருந்துவிடுகிறது.

பழைய பதிவேடுகளில் இப்படி இல்லை. அங்கே பெயரைப் பார்த்தே பிள்ளையின் ஊர்ப்பக்கத்தைச் சொல்லிவிடலாம். கோமதிநாயகம், சங்கரநாராயணன், ஆவுடையம்மாள் என்றால் சங்கரன்கோவில் பக்கம். குற்றாலிங்கம் என்றால் தென்காசிப் பக்கம். வானமாமலை என்றால் நாங்குநேரி. நம்பி என்றால் திருக்குறுங்குடி. கள்ளபிரான் என்றால் ஸ்ரீவைகுண்டம். குழைக்காதன் என்றால் தென்திருப்பேரை. செந்தூர்பாண்டி என்றால் கடற்கரையை ஒட்டிய ஊர்கள். பெரிய கோயில்களின் பெயர்கள் இவை என்றால், சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, சொரிமுத்து என்ற பெயர்கள் ஊர்க்காட்டுக் கோயில்களிலிருந்து வந்தவை. பிள்ளையில்லாத பெண் இசக்கியம்மன் கோயில் மரத்தில் சின்ன மரத்தொட்டிலைக் கட்டி நேர்ந்துகொள்வாள். பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும், அதில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்தையனாரிடம் நேர்ந்தவர்களும் சீவலப்பேரிச் சுடலையிடம் நேர்ந்தவர்களும் அவ்வாறே செய்தார்கள். முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், தங்கிய பிள்ளைக்குப் பிச்சையா என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைத்துக் காலனின் கண்ணில் படாமல் காத்தார்கள்.

இதற்கு மேலே தாத்தா, ஆச்சி பெயரை வைக்கும் முறையும் இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று வரிசை போகும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அதே பெயருள்ள மகனை அவள் ராசா என்றோ ஐயா என்றோதான் வாழ்நாளெல்லாம் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை தன் முழுப்பெயரை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கேட்டு விழித்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த முறை இருந்தவரை பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்துகொண்டே இருந்தன.

நம் கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களிலும் மண்ணின் அடையாளம் இப்படியே படிந்திருந்தது. கால்டுவெல், ரேனியஸ் என்ற பாதிரிமார்களின் குடும்பப் பெயர்கள் நம் பக்கத்தில் பையன்களின் பெயர்களாயின. தூத்துக்குடியில் பனிமய மாதாவின் போர்த்துகீசியப் பெயரிலிருந்து தஸ்நேவிஸ் வந்தது. பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலின் அருளை வேண்டிப் பெற்ற பிள்ளைகள் மைதீன் ஆனார்கள்.

முதலில் இந்த முறையை உலுக்கியது அரசியல் என்று நினைக்கிறேன். வ.உ.சி. சிறை சென்றதால் இழந்த வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், நன்றிக்கடனைத் தம் பிள்ளையின் பெயரிலேயே எழுதி வைத்தது எனக்கு எப்போதும் பெரிதாகத் தோன்றும். பிறகு சுபாஷும் போசும் ஜவகரும் காமராசும் பதிவேட்டில் ஏறினார்கள். 1953 மார்ச் 1இல் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர், அதே வாரத்தில் மறைந்த சோவியத் தலைவரின் பெயரை வைத்தது நாடறிந்தது. தனித்தமிழ் இயக்கம் வளர்ந்தபின் அன்பழகன், இளங்கோ, தமிழ்ச்செல்வி, கயல்விழி என்ற பெயர்கள் ஆசிரியர் வீடுகளிலிருந்து தொடங்கிப் பரவின. இவையெல்லாம் வேண்டுமென்றே, ஒரு கொள்கையைச் சொல்வதற்காக வைத்த பெயர்கள்.

அதன் பிறகு வந்த மாற்றத்துக்குக் கொள்கை எதுவும் இல்லை, ஓசைதான் காரணம். ரமேஷ், சுரேஷ், மகேஷ், கணேஷ் என்று ஒரு தலைமுறை முழுவதும் ஒரே ஓசையில் முடிந்தது. அடுத்து தர்ஷினி, வர்ஷினி, ஹர்ஷினி என்று பெண்பிள்ளைகள் வந்தார்கள். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்கும் வழக்கமும் இதற்குத் துணை செய்தது. அசுவினி என்றால் சு, சே, சோ, ல. ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு என்று பஞ்சாங்கம் சொல்கிறது. முன்பு அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் ஓதிவிட்டு வேறு பெயரால் கூப்பிட்டார்கள். இப்போது அந்த எழுத்திலேயே பதிவுப் பெயரும் தொடங்க வேண்டும் என்பதால், தமிழில் வார்த்தை குறைவான எழுத்துகளுக்குப் புதிய பெயர்களை உண்டாக்க வேண்டியதாகிறது. எண்கணிதக்காரர் சொன்னபடி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தனி.

ஆனால் பிள்ளாய், நம் பக்கத்துப் பெயர்கள் மறைந்ததற்கு ஓசை மட்டும் காரணமில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார், "வீட்டுல இசக்கின்னுதான் கூப்பிடுதோம், ரிஜிஸ்டர்ல விக்னேஷ்னு போட்டுருங்க சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அப்படிச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர். படித்து முடித்தபின் அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்வதற்காகச் சான்றிதழ் நகலுடன் வந்த பழைய மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். சுடலைமாடன் என்ற பெயரைக் கேட்டதும் ஊரையும் சாதியையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் கண்கள் வெளியூரில் இருந்தன, உள்ளூரிலும் இருந்தன. அந்தப் பார்வையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் பெற்றவர்கள் விரும்பினார்கள். அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. நம் மக்கள் பெயருக்குப் பின்னிருந்ததை விட்டார்கள். சாதியைத் தேடும் பழக்கம் போகாததால், சிலருக்குப் பெயரையே விட வேண்டியதாயிற்று. எனக்கு வருத்தம் அந்தப் பழக்கத்தின் மீதுதான்.

நீ இருக்கும் அமெரிக்காவில் இதையெல்லாம் கணக்காகவே பார்க்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் வெளியிடும் வழக்கம் இல்லை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை ஆண்டு வாரியாக வெளியிட்டிருக்கிறது. அந்த 1880இல் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான், பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேர் மேரி. இன்று முதலிடத்தில் இருக்கும் பெயர்கூட நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே நிற்கிறது. அப்படியானால் எல்லோரும் தனித்தனிப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றும். பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பார்: எய்டன், ஜேடன், பிரேடன், ஹேடன் என்று ஒரே முடிவில் வரிசையாக வரும். நம் ஊர் வர்ஷினிகளுக்கு நேர்ந்ததுதான் அங்கேயும் நேர்ந்திருக்கிறது. யாருக்கும் இல்லாத பெயரைத் தேடிப் போகிறவர்கள், அந்தக் காலத்துக்குப் பிடித்த ஓசைக்குள்ளேயே தேடுகிறார்கள். முதலெழுத்தை மட்டும் மாற்றுகிறார்கள்.

சினிமாவால்தான் பெயர்கள் மாறுகின்றன என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. அமெரிக்காவில் அதுவரை அசையாமல் இருந்த மேரியை 1947இல் லிண்டா முந்தியபோது, அந்தப் பெயரில் ஒரு பாட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் லிண்டா அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே மேலே ஏறிக்கொண்டிருந்த பெயர். ஏறுமுகமாயிருக்கும் பெயரைத்தான் பாட்டெழுதுபவரும் கதாநாயகிக்குப் பெயர் வைப்பவரும் எடுக்கிறார்கள், பிறகு அது இன்னும் வேகமாக ஏறுகிறது. ஜெனிபர் 1970 முதல் 1984 வரை முதலிடத்தில் இருந்துவிட்டு இறங்கியதற்கும் ஒரு படமோ பாட்டோ காரணமாக இருக்க முடியாது. எல்லோர் வீட்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த பெயரை அடுத்து வந்த தாய்மார்கள் விட்டுவிட்டார்கள்.

ஆகவே யாருக்கும் இல்லாத பெயர் என்ற எண்ணத்தை விட்டுவிடு. இன்று அபூர்வமாகத் தோன்றுவது பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது அப்படி இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீ சொல்வதற்கு ஒரு ஊரும் ஒரு ஆளும் இருக்க வேண்டும். ஆச்சி தடுமாறாமல் கூப்பிட வேண்டும். அங்கே உள்ள ஆசிரியரும் ஒருமுறை கேட்டதும் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் போதும். ஆச்சியின் பெயரையே வைக்கச் சொல்லி இதை எழுதுவதாக நினைத்துவிடாதே. பேச்சியம்மாள் என்பதை அந்த நாட்டில் வைத்துப் பிள்ளையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று ஆச்சியே சொல்லிவிட்டாள்.

பெண்ணானால் கோமதி என்று வைக்கலாம் என்பது என் முதல் விருப்பம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற தெருவைக் காட்டிச் சொல்லலாம். வடிவு என்பதும் நம் பக்கத்துக்கே உரிய நல்ல பெயர். குழல்வாய்மொழி என்ற குற்றாலத்து அம்மையின் பெயர் எனக்கு உயிர்; ஆனால் அந்த ஆசிரியர்கள் நாக்கில் அது படும் பாட்டை நினைத்துத் தயங்குகிறேன், வீட்டுப் பெயராக மொழி என்று கூப்பிடலாம். ஆணானால் நம்பி. அதைவிடச் சின்னதாகவும் சொல்ல எளிதாகவும் நம் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை. செந்திலும் நல்ல பெயர்தான், ஆனால் அது நாடெங்கும் இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா, அப்பாவிடம் கேட்காமல் இவற்றில் எதையும் முடிவு செய்யாதே; அவர்கள் வீட்டுப் பெயர் ஒன்றை விரும்பினால் அதற்கே முதலிடம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முன்பே படிவத்தில் பெயரைக் கேட்பார்கள் என்கிறாய். அப்படியானால் ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றும் இப்போதே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை வைத்தே பழகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மாப்பிள்ளையின் பெயர்தான் கடைசிப் பெயராக நிற்கும். அதையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுதி எனக்கு அனுப்பு. கடவுச்சீட்டு வரைக்கும் அதே எழுத்துகள்தான் போகும். நானும் அம்மாவும் பார்த்துச் சொல்லுகிறோம்.

அன்புடன்,
உன் அப்பா