காஸ் பாதுகாப்புப் பயிற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி பக்கமெல்லாம் வீட்டுக் குசினிகளிலும் கோயில் மடங்களிலும் நடந்த சமையல் காஸ் பாதுகாப்புப் பயிற்சி நல்லபடியாக முடிந்திருக்கிறது. ஒரு சதமும் வாங்காமல் உதவியவர்களில் பலர் "பேர் போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சரி, பெயர் போடவில்லை. ஆனால் யார் என்ன காட்டித் தந்தார்கள் என்பதை எழுதாமல் விடமுடியாது. வகுப்புக்கு வரமுடியாமல் போனவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, ஓட்டோவிலும் பட்டா எனும் சின்ன லொறியிலும் சிலிண்டர் கொண்டுவந்து இறக்கும் தம்பிமாருக்கு. நாங்கள் பார்த்தவரையில் கசிவு பெரும்பாலும் சிலிண்டர் மாற்றுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் தொடங்குகிறது. வாசலில் இறக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவதோடு அவர்கள் வேலை முடிந்தது. இருந்தும் ஒவ்வொரு வீட்டிலும் நின்று மாற்றிக் காட்டினார்கள். அவர்கள் செய்த ஒழுங்கு இதுதான். மாற்றுவதற்கு முன்னால் பக்கத்து அடுப்பு, சாமி விளக்கு, நுளம்புத்திரி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். புதுச் சிலிண்டரின் மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் இருக்கும் றப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது வெடித்திருந்தாலோ சுருண்டிருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ அந்தச் சிலிண்டரை அப்படியே திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம். பழைய சிலிண்டரின் வளையத்தைப் பிடுங்கிப் புதியதில் போடுவதும், ஊசியால் நோண்டுவதும் வேண்டவே வேண்டாம். றெகுலேட்டரின் குமிழை மூடிய நிலையில் வைத்து, நேராக நிறுத்தி அமுக்க வேண்டும். சரித்து அமுக்கினால் வளையம் ஒரு பக்கம் நசிந்து அந்த வழியால் காஸ் கசியும். 'டக்' என்று பூட்டிய பிறகு ஒருமுறை மேலே இழுத்துப் பார்ப்பது. கையோடு வந்துவிட்டால் அது பூட்டவில்லை.

அதற்குப் பிறகு சவர்க்காரத் தண்ணீர். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க, றெகுலேட்டரை மட்டும் திறந்து வைத்துப் பூச வேண்டும். அப்போதுதான் குழாய் முழுக்க அழுத்தம் நிற்கும். வால்வும் றெகுலேட்டரும் சேருமிடம், றெகுலேட்டர் குமிழின் அடி, குழாயின் இரண்டு நுனிகள், குழாய் வளையும் இடம் எல்லாவற்றிலும் பூசி, அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சின்னக் கசிவில் நுரை மெல்ல மெல்லத்தான் பொங்கும், அவசரப்பட்டால் தெரியாது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதற்கு என்ன சொல்வதென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு தம்பி செய்த சின்ன வேலை எங்களுக்கே புதிது. கழற்றிய மூடியை நைலோன் நூலால் சிலிண்டரின் கைபிடியிலேயே கட்டிவிட்டார். வால்வு கசியும்போது றெகுலேட்டரைக் கழற்றி அந்த மூடியை அழுத்திப் பூட்டினால் பல நேரம் கசிவு நின்றுவிடும். ஆனால் அவசரத்தில் மூடியைத் தேடினால் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குள்ளேதான் கிடக்கும்.

அடுத்த நன்றி குழாயும் கிளிப்பும் கழிவு விலைக்குத் தந்த ஹாட்வெயார்க் கடைக் காக்காவுக்கு. 2022 ஆம் ஆண்டு காஸ் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காய் விறகில் சமைத்தோமே, அப்போது சும்மா கிடந்த குழாய்களைத்தான் சில வீடுகளில் இன்னும் பாவிக்கிறார்கள். குழாயை மடித்துப் பார்த்தால் வெளித்தோலில் மயிரிழை வெடிப்புத் தெரியும். அடுப்புக்குப் பின்னால் எலி கடித்த அடையாளமும் இருக்கும். குழாய்க்கு இரண்டு வருடம், றெகுலேட்டருக்கு ஐந்து வருடம் என்பது இங்கே வழமையாகச் சொல்லும் கணக்கு. வெடிப்புக் கண்டால் கணக்குப் பார்க்காமல் மாற்ற வேண்டும். ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளமும் வேண்டாம். கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்கியவர்களுக்கு அவர் கம்பியை அவிழ்த்துக் காட்டினார். கம்பி றப்பரைப் பாதியளவு அறுத்திருந்தது. கிளிப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால் அதே கதைதான். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரணக் கிளிப் கெதியில் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்புகளைத்தான் அவர் எடுத்துத் தந்தார். கழற்றிய பழைய குழாய்களைக் கடையிலேயே இரண்டாய் வெட்டிப் போட்டார், யாரும் எடுத்துத் திரும்பப் பூட்டிவிடக் கூடாதென்று.

மேசன் அண்ணனுக்கு நன்றி சொல்ல ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் குசினிகளில் புகை போகச் சுவரின் மேலே கிராதி வைத்திருக்கிறோம். விறகடுப்புக்கு அது சரி. ஆனால் காஸ் மேலே போகாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் நிலத்தில் படுத்து, கதவிடுக்கால் வழிந்து போகும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். பத்தடிக்குப் பத்தடிக் குசினியில், நிலத்திலிருந்து அரையடி உயரத்துக்கு மட்டும் அந்தக் கலவை நிற்க 50, 60 கிராம் காஸ் போதும். சிலிண்டரில் இருப்பதோ 12.5 கிலோ. பற்றவைக்காமல் திறந்து விட்ட ஒரு பெரிய அடுப்புப் பேணர் இருபது நிமிடத்தில் அந்த 50, 60 கிராமைக் கக்கிவிடும். நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு மணம் சரியாய் எட்டுவதற்கு முன்பே காலடியில் ஆபத்து நிற்கலாம். மேசன் அண்ணன் நிலத்தோடு ஒட்டினாற்போல், வெளிப்பக்கம் திறக்கும் துவாரங்களைச் சுவரில் வைத்துக் கொடுத்தார். எலி புகாமல் வலையும் அடித்தார். சீமெந்துத் தட்டுக்குக் கீழே கதவு போட்ட அலுமாரிக்குள் சிலிண்டர் வைத்திருந்த வீடுகளில் கதவையே கழற்றிவிட்டார். அழகு போய்விட்டது என்று சிலருக்கு அவர்மேல் கோபம். கொஞ்ச நாளில் ஆறிவிடும்.

தீயணைப்பு வீரர்கள் தங்கள் ஓய்வு நாளில் வந்து சொல்லித் தந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் ஆட்கள் பிழை விடுவது இங்கேதான்.

காஸ் மணக்கிறது, நெருப்பு இல்லை என்றால்: சுவிட்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. ஃபேன் போட்டுக் காஸை விரட்டலாம் என்பது பெரிய பிழை. றெகுலேட்டரை மூடு, கதவு யன்னலைத் திற, எல்லாரையும் வெளியே கூப்பிடு. ஃபிறிஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் உள்ளே பொறி பறக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மெயின் சுவிட்ச் வெளி விறாந்தையில், மணம் வராத இடத்தில் இருந்தால் மட்டும் அங்கே போய் நிற்பாட்டலாம். குசினிக்குள் இருந்தால் அதையும் தொடாதீர்கள். மூடிய பிறகும் சிலிண்டர் இரைந்தால், தூக்க முடியுமானால், நிமிர்ந்த நிலையிலேயே வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வைக்கலாம். கிணற்றுக்கும் கானுக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பாரமான காஸ் கிணற்றுக்குள் இறங்கினால் இலேசில் வெளியே வராது. கச்சான் காற்று அடிக்கிற நேரமென்றால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் அடுப்பையும் அணைக்கச் சொல்ல வேண்டும். மணத்தை மட்டும் நம்பவும் முடியாது. காஸில் சேர்க்கிற அந்த நாற்றம் மூக்குக்குக் கொஞ்ச நேரத்தில் பழகிப்போகும், காஸ் அப்படியே இருக்க மணம் இல்லாததுபோல் தோன்றும். வெளியில் போய்த்தான் போனை எடுக்க வேண்டும்.

நெருப்புப் பிடித்துவிட்டால்: குழாய் நுனியிலோ றெகுலேட்டரிலோ எரிகிற சின்ன நெருப்புக்கு, நனைத்துப் பிழிந்த சாக்கையோ தடித்த துவாயையோ முன்னே விரித்துப் பிடித்துக் கையையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு போய், மேலே போர்த்தி, அதற்குள்ளால் குமிழை மூட வேண்டும். காஸை மூட முடியாதென்றால் நெருப்பை அணைக்கவே வேண்டாம். எரிகிற காஸ் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். அணைத்துவிட்டால் அது தெரியாமல் பரவி, அடுத்த பொறியில் வீட்டோடு பிடிக்கும். சிலிண்டர் நெருப்புக்குள் கிடந்து சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறும், சுவாலை பட்ட இடத்தில் உருக்கு இளகும், பிறகு கிழியும். இரைச்சல் கூடினால், சுவாலை உயர்ந்தால், சாமானைப் பார்க்காமல் குறைந்தது 100 மீற்றர் தூரத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு முன்னாலும், சுவர் மறைவில் நின்று குழாயால் தண்ணீர் அடித்துச் சிலிண்டரைக் குளிரவைக்க முடிந்தால் மட்டும் செய்யலாம். எண்ணெய்ச் சட்டி பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி, அடுப்பை நிற்பாட்டினால் போதும். தூள் நிரப்பிய தீயணைப்பான் வாங்குகிறவர்கள் அதை அடுப்புக்கு மேலே மாட்டாமல் வாசலடியில் மாட்டுங்கள்.

தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. எடுத்ததும் ஒழுங்கையின் பெயரையும் பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ சொல்லி, ஒருவரைச் சந்திக்கு அனுப்பி நிற்பாட்டுங்கள். எங்கள் ஒழுங்கைகளில் வண்டி ஒருதரம் பிழையாய்த் திரும்பினால் பின்னுக்கு எடுக்கவே நேரம் போய்விடும்.

அன்னதானமும் கந்தூரியும் சமைக்கிற மூத்த சமையல்காரர்களுக்குத் தனி நன்றி. பெரிய கிடாரத்துக்குக் கீழே பெரிய பேணரை ஒரேயொரு 12.5 கிலோ சிலிண்டரில் பூட்டினால் சுவாலை இறங்கி, சிலிண்டரின் வெளியே வேர்த்து ஊற்றும். உள்ளே திரவம் வேகமாய் ஆவியாகும்போது தன் சூட்டை இழப்பதால் வருவது அது. உடனே கொதிதண்ணீர் ஊற்றுவது, சிலிண்டரைச் சரித்து வைப்பது, தணலை அருகே இழுப்பது எல்லாம் நடக்கிறது. சரித்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு ஆவியாகும் என்பதை நினைத்தால் பேணரில் என்ன நடக்கும் என்று புரியும். பெரிய சமையலுக்கு 37.5 கிலோ சிலிண்டர், அல்லது முறையாகப் பொருத்திய இணைப்பில் பல சிலிண்டர்கள். உயர் அழுத்த றெகுலேட்டருக்கு வீட்டுக் குழாய் பொருந்தாது, அதற்கென்று உள்ள குழாய்தான் வேண்டும். இதை எங்களைவிட அந்தச் சமையல்கார ஐயாமார் சொன்னபோதுதான் இளம் பெடியன்கள் கேட்டார்கள்.

மாரி வெள்ளத்தைப் பற்றி யோசிக்க வைத்தவர்கள் வாவிக்கரைப் பெண்கள். சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும், நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். வெள்ளம் குசினிக்குள் ஏறினால் அது எழும்பிப் போய்க் குழாயை இழுத்துப் பிய்த்துவிடும். வீட்டை விட்டுப் போகுமுன் றெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் பூட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் தூணோடு கயிற்றால் கட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் சேறு போன றெகுலேட்டரைக் கழுவிப் பாவிக்காமல் புதிது வாங்குங்கள்.

தீக்காயத்துக்கு முதலுதவி கற்றுத்தந்த தாதியருக்கு நன்றி. ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம், ஐஸ் வேண்டாம். வீங்குமுன் வளையல், மோதிரம், அரைஞாணைக் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, முட்டை, தேங்காயெண்ணெய் எதுவும் பூசாதீர்கள், காயத்தைப் பார்ப்பதற்காக அதையெல்லாம் ஆஸ்பத்திரியில் திரும்பக் கழுவ வேண்டியிருக்கும். சுத்தமான பொலித்தீன் உறையால் தளர்வாய் மூடினால் போதும். முகம் சுட்டு, மூக்குமயிர் கருகி, குரல் கம்மியிருந்தால் காயம் சின்னதாய்த் தெரிந்தாலும் தாமதிக்காமல் 1990 ஐ எடுங்கள், தொண்டை உள்ளே வீங்கும். திரவக் காஸ் தோலில் பட்டால் உறைந்து வெளுக்கும். அதைத் தேய்க்காமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிடிக்க வேண்டும்.

பேணர்க் குழலுக்குள் குளவி கட்டிய மண்கூட்டைக் கிண்டி எடுத்து மஞ்சள் சுவாலையை நீலமாக்கித் தந்த அடுப்புத் திருத்தும் அண்ணனுக்கும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்களுக்கும், கதிரை தந்த மாதர் சங்கங்களுக்கும், தேத்தண்ணி ஊற்றித் தந்த எல்லா வீட்டாருக்கும் நன்றி.

சவர்க்காரத் தண்ணீர் விசிறும் போத்தல்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. சிலிண்டர் கொண்டுவரும் தம்பிமாரிடம் கேட்டால் தருவார்கள். போத்தல் முடிந்துவிட்டால் பழைய சோடாப் போத்தலின் மூடியில் ஊசித்துளை போட்டாலும் அதே வேலை நடக்கும்.

இப்படிக்கு,
பயிற்சியை நடத்திய தொண்டர்கள்,
மட்டக்களப்பு